இரண்டு மாடசாமிகளும் ஓட்டை போட்ட தாளும்

சென்ற மாதம் எனக்கு இரண்டாவது முறையாக ஓய்வு கொடுத்தார்கள். முதல் முறை கொடுத்தது ராணுவம். இந்த முறை கொடுத்தது, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் அலுவலகம். கேக் வெட்டினார்கள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற மனநிலையில் இருந்தார்கள். ஜெனிபர் என்ற பெண் மட்டும் விடவில்லை.

"சார், இப்ப புரோகிராமை கம்ப்யூட்டரே எழுதுது. தப்பு இருந்தா அதுவே கண்டுபிடிச்சும் சொல்லுது. உங்க காலத்துல தப்பை எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"தந்தியில வரும்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் வேலையில் நடந்த மிகப் பெரிய தவறு தந்தியில்தான் வந்தது.

நான் ராணுவத்தில் சேர்ந்தது துப்பாக்கி தூக்க. கம்ப்யூட்டர் பக்கம் போனது விரல்களால். தென்காசிக் கோயில் கோபுரம் தெரிகிற ஒரு மாடியில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்தேன். ஒரு நாள் அணிவகுப்பில், "டைப் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் கையைத் தூக்கியவன் நான் ஒருவன்தான். ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் முதல் இரண்டு மாதம் கரும்பலகையில்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது ராஜஸ்தான் பக்கம் ஒரு முகாமில், ஹவில்தார் பரமசிவன், கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பு என்று போட்டார்கள். முகாமிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே அறை அது. வெயில் ஏற ஏற, கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் அதிகாரிகளின் எண்ணிக்கையும் ஏறும்.

அறையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சுபேதார் பல்வந்த் சிங். இமயமலைப் பக்கத்துக்காரர். மீசையைத் தவிர வேறெதுவும் அவர் முகத்தில் அசைந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைப் பீரங்கிக்குச் சமமான பொருளாக அவர் நினைத்தார். அதனால் பீரங்கிக்குரிய நடைமுறை எல்லாம் அதற்கும் உண்டு. பூட்ஸை வாசலில் கழற்ற வேண்டும். அப்புறம் காலுறையைக் காட்ட வேண்டும். காலுறையில் கிழிசல் இருந்தால் உள்ளே விடமாட்டார். உள்ளே நான் நிமிர்ந்து நின்று, "மெஷினை இயக்க அனுமதி, சாப்?" என்று கேட்பேன். ராணுவத்தில் மேலே இருப்பவரைச் 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டும், நம் ஊர் 'ஐயா' மாதிரி. "அனுமதி" என்பார். சுவிட்சைப் போட்டதும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவார். திரையில் பச்சை எழுத்து வந்ததும் நான், "மெஷின் தயார், சாப்!" என்று அறிக்கை செய்ய வேண்டும். பதிவேட்டில் 'நிலை' என்ற கட்டத்தில் 'நலம்' என்று எழுதுவார். எங்கள் படைப்பிரிவின் தையல்காரர் தைத்துக் கொடுத்த பச்சைத் துணி உறை ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் அதைப் போர்த்தி மூன்று முடிச்சுப் போட வேண்டும். இரண்டு முடிச்சோடு ஒரு நாள் வெளியே வந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு, மூன்றாவது முடிச்சை நான் போடும் வரை பக்கத்திலேயே நின்றார்.

முதல் மாதம் அவர் கம்ப்யூட்டரை நம்பவில்லை. நான் அச்சடித்துக் கொடுக்கும் காவல் பணிப் பட்டியலை, குமாஸ்தா கையால் எழுதிய பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டார். முப்பது நாளும் சரியாக இருந்தது. முப்பத்தோராம் நாள் நம்பிவிட்டார். சந்தேகப்படுவதிலும் நம்புவதிலும் அவருக்கு நடுவாந்தரம் கிடையாது. அன்றோடு கையெழுத்துப் பட்டியலை நிறுத்தச் சொன்னார். யாராவது எதையாவது முறையிட்டால், "மெஷின் என்ன சொல்கிறது?" என்பார். மெஷின் சொன்னதற்கு மேல் பேச்சில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் அல்லவா.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். வீரர்களின் விவரங்கள் மூன்று பழைய பதிவேடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரே ஆளின் பெயர் இரண்டு பதிவேட்டில் இருக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஒரே ஆள் இருவராகிவிட்டார். அதைச் சரிசெய்ய ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர் ஒன்றாக இருந்து, மாவட்டம் ஒன்றாக இருந்து, படையில் சேர்ந்த தேதியும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள், இரண்டாவது பதிவை அழித்துவிடு என்று அதற்குச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் படை எண் உண்டு. அதை வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பழைய பதிவேடுகளில் மை ஊறி எண்கள் பலவும் மூன்றா எட்டா என்று தெரியாமல் இருந்தன. பெயரை நம்பினேன். புரோகிராம் பதினான்கு இரட்டைப் பதிவுகளை அழித்தது. சுபேதார் சாப் என் தோளில் தட்டினார்.

பதிமூன்று சரி. பதினான்காவது, மாடசாமி.

எங்கள் பிரிவில் இரண்டு மாடசாமிகள் இருந்தார்கள். ஒருவர் அச்சன்புதூர், மற்றவர் பாவூர்சத்திரம். அப்போது இரண்டுமே திருநெல்வேலி மாவட்டம். ஆள் எடுக்க வந்த ஒரே முகாமில், ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று சேர்ந்தவர்கள். பாவூர்சத்திரத்தாருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அச்சன்புதூராருக்கு அப்போதுதான் பெண் பார்த்திருந்தார்கள். என் புரோகிராம் பாவூர்சத்திரத்தாரை வைத்துக்கொண்டு அச்சன்புதூராரை அழித்துவிட்டது.

பிற்பாடு தென்காசியில் ஒரு மருத்துவமனைக்கு நான் புரோகிராம் எழுதியபோது, முதல் நாளே உரிமையாளரிடம், "ஒரே நேரத்தில் நாலு முருகன் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். இந்த மாவட்டத்தில் அது நடக்கக்கூடிய காரியம். அந்த எச்சரிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. சம்பளம் வேறோர் அலுவலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பெயர் கேட்கமாட்டார்கள். அழிந்துபோன மாடசாமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், காலுறையோடு என் அறைக்குள் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் கேக்கணும். எனக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"என்னலே கேக்க?"

"ஆயிட்டாம். ரெண்டு பிள்ளையும் இருக்காம். நம்ம ஆபீஸ்லேந்துதான் எழுதிப் போட்டிருக்கு" என்று தந்தியை நீட்டினார். 'கல்யாணம் நின்றுவிட்டது. உடனே வா' என்று அவருடைய அப்பா கொடுத்திருந்தார். கூடவே அப்பாவிடமிருந்து முந்தின நாள் வந்த கடிதமும் இருந்தது. அதைப் படித்ததும் குளிர்சாதன அறையில் எனக்கு வேர்த்தது.

பெண்ணின் தகப்பனார் சங்கரலிங்கம், செங்கோட்டையில் பத்திர எழுத்தர். நிலம் வாங்குகிறவர்களுக்கு அதில் ஏதும் வில்லங்கம் உண்டா என்று பார்த்துச் சொல்லிச் சொல்லியே பழகியவர். மாப்பிள்ளைக்கும் வில்லங்கம் பார்த்துவிடுவோம் என்று எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் பதில் சொல்லியிருக்கிறது. பெயர் மாடசாமி. மாவட்டம் திருநெல்வேலி. திருமணமானவர். குழந்தைகள் இரண்டு. நடத்தை மிக நன்று. அச்சடித்தவன் நான். நூறு கடிதத்தோடு அதையும் ஒன்றாக அடித்து அனுப்பியிருந்தேன். கீழே சுபேதார் சாபின் கையெழுத்து, முத்திரை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"மூணு மாசமா உனக்குக் காவல் டூட்டியே வரலியே, ஏன்டே சொல்லல?"

"வந்தாத்தான அண்ணாச்சி சொல்லணும். வராததை எப்படிச் சொல்ல?"

"காலையில பேரு கூப்பிடும்போது?"

"என் பேரை விட்டுட்டுப் போயிருதாங்க. நானும் சத்தம் போடாம நெழல்ல தள்ளி நின்னுக்கிடுதேன்."

சுபேதார் சாபிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. 'பிழை: இல்லை' என்ற அறிக்கையைச் சாப் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். சொன்னால் என் விரல்களுக்கும் அந்த அறைக்கும் இருந்த உறவு அன்றோடு முடிந்துவிடலாம். பேசாமல் மாடசாமியைத் திரும்ப ஏற்றிவிட்டு, தபாலில் தவறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கால் மணி நேரம் யோசித்தேன். யோசித்ததை மறைக்கவில்லை. ஆனால் மாடசாமி எதிரிலேயே காலுறையோடு நின்றுகொண்டிருந்தார்.

சாப் முழுதும் கேட்டார். மீசை மட்டும் ஒரு முறை அசைந்தது.

"பிழை மெஷினுடையதா, உன்னுடையதா?"

"என்னுடையது, சாப்."

"நல்லது. மெஷினாக இருந்தால் என்ன தண்டனை கொடுப்பது என்று எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். பிறகு, "கையெழுத்துப் போட்டது நான். ஆகவே பாதி என்னுடையது" என்றார். எழுதி வைத்திருந்த அறிக்கையை எடுத்து, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார்.

அவர் தீர்ப்பு சுருக்கமானது. காகிதம் கெடுத்ததைக் காகிதம் சரிசெய்யாது. ஆளைக் காட்ட வேண்டும். "இரண்டு பேரையும் கூட்டிப் போ. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்து. அந்த மனிதர் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்." தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நெஞ்சைத் தொடும் கடிதம். இந்தியில் இருந்தது.

மூன்று நாள் ரயில் பயணத்தில் பாவூர்சத்திரத்து மாடசாமி சந்தோஷமாக வந்தார். எதிர்பாராத விடுமுறை. "என் பேருக்கு இவ்வளவு மதிப்பு உண்டுன்னு தெரியாமப் போச்சே" என்றார். அச்சன்புதூர்க்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற ஸ்டேஷனை எல்லாம் வெறித்தார். 

செங்கோட்டையில் சங்கரலிங்கத்தின் வீட்டுக்குப் போனபோது அவர் ஒரு மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. சாபின் கடிதத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

"இந்தி. நான் படிச்சுச் சொல்லுதேன்."

"எதிர்க்கட்சிக்காரன் படிச்சுச் சொல்லுதது செல்லாது" என்று ஓரமாக வைத்தார். இழுப்பறையிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் கடிதத்தை எடுத்தார். அந்தக் காலத்து அச்சுத் தாளில் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருக்கும். கிழித்துவிட்டு அனுப்ப வேண்டும். நான் கிழிக்காமல் அனுப்பியிருந்தேன். அவர் அந்த ஓட்டைகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இது ஓட்டை போட்ட பேப்பர். கம்ப்யூட்டர்ல வந்தது. அது கையால எழுதினது. எதை நான் நம்ப?"

"ஐயா, அந்தக் கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதினவனே நான்தான். தப்பு என்னுடையது."

"அப்ப பொய்யை எழுதினவரே வந்திருக்கீரு. ஒம்ம இப்ப எப்படி நம்ப?"

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். 

"அதோட, தகப்பன் பேரு எங்கவே? தகப்பன் பேரு இல்லாம உலகத்துல ஒரு பத்திரம் உண்டா?"

"தாள்ல இடம் பத்தாதுன்னு நான்தான் விட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கல்யாணம் நின்றதைவிட அது அவரை அதிகம் புண்படுத்தியது போலிருந்தது.

இரண்டு மாடசாமிகளையும் முன்னால் நிறுத்தினேன். சாப் சொன்னபடி எண்ணிப் பார்த்தார். "ரெண்டு பேரு இருக்காங்க, சரி. ரெண்டாவது ஆளும் மாடசாமிதான்னு யாரு சொல்லுதா? வழியில யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

உள்ளே கதவருகே நின்றிருந்த செண்பகம் அப்போதுதான் பேசினாள். மணப்பெண். "அப்பா, ஏமாத்துதவன்னா பேப்பர் எல்லாத்தையும் சரியால்லா வச்சிருப்பான்? இவங்ககிட்ட ஒண்ணாவது சரியா இருக்கா பாருங்க."

சங்கரலிங்கம் யோசித்தார். எனக்கு அது ஆதரவா அவமானமா என்று புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாவூர்சத்திரத்து மாடசாமியின் மனைவி இசக்கியம்மாள், இரண்டு பிள்ளைகளும் ஒரு பை கத்தரிக்காயுமாக இறங்கினார். கணவர் வரப்போவதாக அவருக்குத் தகவல் இல்லை. சந்தைக்குக் காய் கொண்டுவந்த யாரோ, தென்காசி ஸ்டேஷனில் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன், செங்கோட்டையில் பத்திர எழுத்தர் சங்கரலிங்கம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறாராம், மாப்பிள்ளை பெயர் மாடசாமியாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க அந்த மாப்பிள்ளை?" என்று உள்ளே வந்தார்.

பாவூர்சத்திரத்து மாடசாமி, மூன்று நாளில் முதல் முறையாக, என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஏட்டி, நான் இல்லட்டி. அவன்!"

"அவரு பேரும் மாடசாமி, ஒம்ம பேரும் மாடசாமியா? பட்டாளத்துல வேற பேரே கிடைக்கலியோ?" என்று ஆரம்பித்தவர், கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுதாத கடிதங்கள், வராத பொங்கல்கள், ஒரு தடவை வாங்கி வருவதாகச் சொல்லி வாங்கி வராத கம்பளி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தேதிவாரியாக இருந்தது. என் புரோகிராமில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது. கடைசியில் சங்கரலிங்கத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா, இந்த ஒரு மனுசனை வச்சே என்னால முடியல. இவருக்கா இன்னொரு பொண்ணு குடுக்கப் போறீய?"

சங்கரலிங்கம் எழுந்து நின்றார். முகம் முழுக்கத் தெளிவு. "உட்காருங்கம்மா. காப்பி குடிங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது சோடிச்ச சாட்சி இல்ல. எத்தனையோ சாட்சி பாத்திருக்கேன். இந்தக் கோவத்தை ஒருத்தனாலயும் சோடிக்க முடியாது" என்றார்.

ஆனாலும் அவர் பத்திர எழுத்தர். அங்கேயே முத்திரைத்தாள் எடுத்து எழுதினார். அச்சன்புதூர் மாடசாமி என்பவர் வேறு, பாவூர்சத்திரம் மாடசாமி என்பவர் வேறு, இருவரும் ஒருவர் அல்லர், இருவரே. தகப்பனார் பெயர்களை இரண்டு இடத்தில் போட்டார். இரண்டு மாடசாமிகளும் கையெழுத்திட்டார்கள். இசக்கியம்மாள் தன் கணவரை அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டார். நான் சாட்சி. சங்கரலிங்கம் ஐயா அதை மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. மறுநாள் எல்லோரும் குற்றாலம் போனோம். சீசன் கூட்டம். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது புது மாப்பிள்ளை என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, நீங்க போன உடனே என் பேரை ஏத்தாண்டாம்."

"ஏம்லே?"

"எனக்கு லீவு முப்பது நாளு. பேரே இல்லாதவனுக்கு லீவு எப்படி முடியும்?"

யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி. என்னிடம் பயிற்சி பெற்ற யாரும் பின்னாளில் இவ்வளவு சரியாக ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஈரத் தலையோடு செண்பகம் வந்துவிட்டாள். அவள் காதில் விழுந்திருந்தது.

"போன அன்னைக்கே ஏத்திருங்க அண்ணாச்சி. பேரை ஏத்துங்க. கல்யாணம் ஆச்சுன்னு ஏத்துங்க. பொண்டாட்டி பேரு என்னன்னும் ஏத்துங்க. அதை அந்த ஓட்டை போட்ட பேப்பர்ல அடிச்சு எனக்கு ஒண்ணு அனுப்பிருங்க."

நான் முகாமுக்குத் திரும்பினேன். ஆய்வு முடிந்திருந்தது, அறை இன்னும் என் பொறுப்பில்தான் இருந்தது. சாப் எதிரில் நின்று, அனுமதி கேட்டு, மெஷினை இயக்கி, மாடசாமியை ஏற்றினேன். இந்த முறை படை எண், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம். சாப் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தார். தாளை அடித்து, ஓட்டைகளைக் கிழிக்காமல் செங்கோட்டைக்கு அனுப்பினேன். சாப் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதினார்.

இரண்டு வாரத்தில் தடிமனான உறை ஒன்று வந்தது. பிரித்தால் முத்திரைத்தாள். தலைப்பில் பெரிய எழுத்தில், பிழைதிருத்தல் பத்திரம். சங்கரலிங்கம் ஐயாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சுபேதார் சாப் என்னவென்று கேட்டார். வாசித்து இந்தியில் சொன்னேன்:

"மேற்படி அறிக்கையில் மாடசாமி அவர்களின் மனைவி பெயர் சண்முகம் என்று கண்டிருப்பதைச் செண்பகம் என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. சண்முகம் என்ற நபருக்கும் மேற்படி மாடசாமிக்கும் எவ்விதச் சம்பந்தமும் பாத்தியதையும் இன்றளவும் இல்லை, இனிமேலும் ஏற்படாது என்று உறுதி கூறுகிறேன்."

 சாப் பத்திரத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இந்த மனிதருக்கு என்ன வயது?"

"ஐம்பத்தெட்டு இருக்கும், சாப்."

"ச்சே" என்றார். "படையில் சேர்க்க முடியாது."